நீங்கள் தேடுவது 'வெயிட் அன்டில் டார்க்'

வணக்கம் சகோ. பெயர் மறந்துபோன ஒரு பழைய த்ரில்லர் படத்தைக் கேட்டிருந்தீர்கள். கண் தெரியாத பெண், பொம்மையைத் தேடி வரும் கொலைகாரன், கடைசியில் ஃப்ரிட்ஜ் வெளிச்சம்: இவ்வளவு நினைவிருந்தால் போதும். அது 1967இல் டெரன்ஸ் யங் இயக்கிய படம். த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கின் படம் இல்லை, அவர் பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது.

அந்தக் கண் தெரியாத பெண் சூசியாக நடித்தவர் ஆட்ரி ஹெப்பர்ன். பொம்மைக்குள் ஹெராயின். அதைத் தேடி, கணவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மூன்று பேர் ஆளுக்கொரு வேஷத்தில் வருகிறார்கள். வருகிறவன் எல்லாம் ஏன் ஜன்னல் மறைப்பையே திறந்து மூடுகிறான் என்று அவளுக்குப் பொறி தட்டுமே, எனக்குக் கிளைமாக்ஸைவிட அதுதான் பிடிக்கும். அப்புறம் அவள் பல்புகளை உடைத்து வீட்டையே இருட்டாக்குவாள். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு விளக்கு இருப்பதை மட்டும் மறந்துவிடுவாள்! கொலைகாரனாக வரும் ஆலன் ஆர்கினின் வில்லத்தனம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

அம்மாவோடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ரத்தம் குறைவு, பதற்றம்தான் அதிகம். ஆரம்பம் கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் வெளியானபோது கடைசிக் காட்சிக்குத் தியேட்டர்களிலேயே விளக்குகளை அணைத்தார்கள்.