கொடியேறினால் தொடமாட்டார்

வணக்கம் ஐயா,

வலிகாமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம். என் அண்ணாவுக்கு 44 வயது, மேசன் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வேறு ஆள். அண்ணி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டா. ஆஸ்பத்திரியில் டொக்டர் மருந்தும் தந்து, குடியை விட்டவர்கள் கூடுகிற குழு ஒன்றுக்குக் கிழமைக்கு ஒருதரம் போகச் சொன்னார். அண்ணா மாட்டாராம். "நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறினா 25 நாளும் நான் தொடுறதில்லை. நான் என்ன வருத்தக்காரனே? அங்க போய் இருந்தா ஊர் முழுக்க நாறும்" என்கிறார். அந்த முதல் மூன்று நாளும் கை நடுங்கி, நித்திரையில்லாமல் அவர் முற்றத்தில் நடக்கிறதை நான் கண்டிருக்கிறேன். இருந்து கதைத்தால் குடி நிற்குமா ஐயா? இது வெள்ளைக்காரர் முறையில்லையா? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மருந்து இருக்கென்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா. வாங்கவா?

ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வாங்கவேண்டாம். மாமி சொல்வது அநேகமாக டைசல்பிராம். அது உடம்பில் இருக்கும்போது மதுசாரம் போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். டொக்டர் சோதித்து, ஆளுக்கு விளங்கப்படுத்தி, ஆள் ஓமென்று சொன்னபிறகு எடுக்கிற மருந்து அது. புட்டுக்குள் ஒளித்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. தப்பினாலும் பிறகு உங்கள் கையால் ஒரு வாய் தின்னமாட்டார்.

அடுத்தது நல்லூர். அந்த 25 நாளையும் எங்கள் ஆட்கள் வரவுப் பக்கத்தில் எழுதுவார்கள். நான் முதல் மூன்று நாளைத்தான் பார்ப்பேன். கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்தை நம்பி இருக்கப் பழகிவிட்டது. நிற்பாட்டி இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் போனபிறகு ஆள் தடுமாறி, இல்லாத பூச்சியைச் சுவரில் காட்டுவதும் உண்டு. பேய் பிடித்துவிட்டதென்று நூல் கட்டக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோன சம்பவம் எனக்கு நெருங்கின வீடொன்றில் நடந்தது. அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னரே டொக்டரிடம் இதைச் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மருந்தும் வைற்றமின் பி1உம் தந்து பத்திரமாக இறக்குவார்கள். குழுவின் வேலை அதற்குப் பிறகுதான், கொடியிறங்கின பிறகு.

வெள்ளைக்காரர் முறைதான், மறைக்க என்ன இருக்கிறது? 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர் ஒஹையோவின் அக்ரன் நகரத்துக்கு வியாபார அலுவலாய்ப் போனார். அலுவல் பிழைத்துவிட்டது. குடியை விட்டு ஐந்தாறு மாதம். ஹோட்டல் முன்மண்டபத்தில் தனியே நிற்கிறார், ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். தேவாலயங்களுக்கு அழைத்து அவர் விசாரித்தது, தன்னைப்போல ஒரு குடிகாரர் கதைக்கக் கிடைப்பாரா என்று. கிடைத்தவர் பொப் ஸ்மித், சத்திரசிகிச்சை டொக்டர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று வந்த மனிசன் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். அதற்குப் பிறகும் ஒருதரம் குடித்தார். ஜூன் 10ஆம் திகதியோடு அவருக்குக் கடைசி. அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், அதாவது பெயர் சொல்லாத குடிகாரர்கள் என்ற இந்தக் குழு, அந்த நாளையே தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். கடவுளைப் பற்றிக் கதைப்பார்கள், ஆனால் "அவரவர் விளங்கிக்கொண்டபடி" என்று 1939இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். முருகனுக்கும் மாதாவுக்கும் அதில் இடமிருக்கிறது.

கதைத்தால் நிற்குமா? 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, 2020இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு சேர்த்துப் பார்த்தது. ஒரு வருடம் போன நேரம் முற்றாக விட்டிருந்தவர்கள் இந்த வழியில் போனவர்களில் நூற்றுக்கு 42 பேர், மற்றச் சிகிச்சைகளில் 35. பாதிப்பேருக்கு மேல் இதிலும் விடவில்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். எனக்கு அந்த ஏழு பேர் பெரிய கணக்கு.

ஊர் நாறும் என்ற பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். உங்கள் அண்ணா குடிக்கிறது ஊருக்குத் தெரியாதா? மதிலைப் பிடித்துப் பிடித்து வருகிறவரை ஒழுங்கை முழுக்கக் கண்டிருக்கும். ஊருக்குத் தெரியாதது, அவர் விட யோசிக்கிறார் என்கிற விஷயம்தான். வெறியில் விழுந்தவனை நாங்கள் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விடுவோம், அந்தளவுக்கு நல்ல சனம். விட்டவனைத்தான் விடமாட்டோம். கலியாண வீட்டுப் பின்வளவில் "ஒண்டே ஒண்டு எடு மச்சான்", செத்தவீட்டில் "அலுப்புக்கு ஒரு சொட்டு", அவன் அங்கால் போனதும் "எத்தினை நாளைக்கெண்டு பாப்பம்." இந்த ஊரில் குடிக்க வெட்கம் தேவையில்லை, நிற்பாட்டத்தான் வெட்கப்படவேண்டியிருக்கிறது. அனோனிமஸ் என்ற சொல்லின் பெறுமதி நியூயோர்க்கை விட யாழ்ப்பாணத்தில்தான் கூட.

சில வருடத்துக்கு முன் கூட்டாளி ஒருவர் கேட்டு, வெளியாட்களும் வரலாம் என்று வைத்த கூட்டமொன்றுக்குப் போனேன். அங்கே கேட்டதை எழுதமாட்டேன், அதுதான் ஒப்பந்தம். கண்டதை எழுதலாம். வட்டமாய் பிளாஸ்ரிக் கதிரை, மேசையில் பிளேன்ரீயும் மாரி பிஸ்கற்றும். ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றாமல், ஹெல்மெற்றை மடியில் வைத்தபடி வாசலோரம் இருந்தார். மோட்டார்சைக்கிளைச் சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் விட்டுவிட்டு நடந்து வந்தவராம். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்விக்குள் எந்த ஊர், எந்த வளவு, ஆரின்ர மகன் எல்லாம் வந்துவிடும். மிச்சத்தை நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம். அந்த ஒன்றரை மணித்தியாலமும் ஒருவரும் ஒருவரையும் "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்கவில்லை. எனக்கு வாய் உன்னிக்கொண்டே இருந்தது.

ரீ ஊற்றினவர் எல்லாருக்கும் கோப்பை நிறைய ஊற்றினார். ஹெல்மெற்காரருக்கு மட்டும் அரைக்கோப்பை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தக் கையைக் கண்டேன். நிறைய ஊற்றியிருந்தால் மடியெல்லாம் சிந்தியிருக்கும். நானும் நீங்களும் அண்ணாவில் எவ்வளவு பட்சம் வைத்திருந்தாலும் அந்த அரைக்கோப்பை எங்களுக்குத் தெரியாது.

உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் இன்னொருவரோடு சேர்ந்து 1951இல் குடும்பத்தவர்களுக்கென்று அல்-அனோன் தொடங்கினார். அங்கே மூன்று சொல் சொல்வார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்க முடியாது, சுகப்படுத்தவும் முடியாது. போத்தலை ஊற்றுவதும் அவருக்காக வேலை தந்தவர்களிடம் பொய் சொல்வதும் உங்கள் வேலையில்லை. அண்ணியிடம் ஒருநாள் போய் இருங்கள். அண்ணாவை எப்படித் திருத்துவது என்ற கதையை எடுக்காமல், இரண்டு பேரும் எப்படி நித்திரை கொள்கிறீர்கள் என்று கதையுங்கள். அக்ரனிலும் முதலில் இரண்டே பேர்தான்.

அண்ணாவிடம் "ஒருக்கால் போய்ப் பாருங்கோ, கதைக்கத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் சொல்லுங்கள், ஐந்து மணிக்குப் பிறகு வேண்டாம். ஓமென்றால் நீங்கள் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய் வாசலில் இறக்கவேண்டாம். மோட்டார்சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு அவரே நடந்து போகட்டும்.