ஆவி போகும் வழியில் எந்தப் பசை?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, அப்பாவுக்குச் சளி பிடித்தால் போர்வைக்குள் குனிந்து ஆவி பிடிக்க முதுகு இடம் தருவதில்லை. பழைய எலெக்ட்ரிக் கெட்டிலின் மூக்கில் ஒரு குழாயைச் சொருகி, மறுமுனையில் பிளாஸ்டிக் புனலை வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தே ஆவி பிடிக்கலாம். ஆனால் இணைப்பில் கசிகிறது. கடையில் எம்சீல் போடச் சொல்கிறார்கள், நண்பன் ஃபெவிகுவிக் போதும் என்கிறான். எதைப் போட? இதே பசையை வைத்து ஒரு வேப் செய்யலாமா என்று மச்சான் வேறு கேட்கிறான்."

மச்சானை முதலில் முடித்துவிடுவோம். வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு 2019 முதல் இந்தியா முழுக்கத் தடை. விற்றால் மட்டுமில்லை, தயாரித்தாலும் குற்றம். முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதோடு அதற்குள் சூடாகிற கம்பிச் சுருள் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். உங்கள் கெட்டில் 100-ஓடு நிற்கிறது. அந்த 100-க்கே தாங்காத பசைகளைப் பற்றித்தான் கீழே எழுதப் போகிறேன். அவரைச் சோலியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அப்பாவின் கருவிக்கு வருவோம். பசை வாங்கப் போகிற எல்லோரும் "நல்லா ஒட்டுமா?" என்றுதான் கேட்கிறோம். இங்கே அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு சூடு படும்? அந்த வழியாகப் போவது கடைசியில் எங்கே போகிறது? உங்கள் ஆவி நேராக அப்பாவின் நெஞ்சுக்குள் போகிறது.

உங்கள் ஊர்ச் சொப்புச் சாமான் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். கடைசலில் சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படிந்துவிடும். கையில் கல் மாதிரி இருந்த குச்சிதான் அது. கடைப் பசைகளில் பலவும் இப்படித்தான். எந்தச் சூட்டில் இளகும் என்பதில்தான் வித்தியாசம்.

ஃபெவிகுவிக் வகைக்குப் பெயர் சயனோஅக்ரிலேட். சுமார் 80 டிகிரியிலேயே பிடி தளரத் தொடங்கிவிடும். காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசைதான், ஆனாலும் தொடர்ந்து வெந்நீர் பட்டால் விட்டுவிடும். காய்ந்த பிறகு வளையவும் தெரியாது, நீங்கள் குழாயை அசைக்கிற போதெல்லாம் விரிசல் விடும். (சிந்திவிட்டால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டதும் சட்டென்று சூடாகி விரலைச் சுட்டுவிடும்.) துப்பாக்கியில் உருக்கி ஊற்றுகிற பசைக் குச்சியும் இந்த வேலைக்கு ஆகாது.

எம்சீலும், இரண்டு ட்யூபைக் கலக்கிற பசையும் எபாக்சி. ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்க்கும் நானே போடுவேன். ஆனால் வீட்டுச் சூட்டில் இறுகுகிற சாதாரண எபாக்சி 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். இரண்டு பங்கும் சரியாகச் சேராவிட்டால், வினையில் சேராத மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்; சூடு படும்போது வாடையாக வெளியே வரும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் ஆவிக் கருவி மூக்கில் கீறல் விட்டபோது ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்சியைப் பூசினேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா புனலை விலக்கிவிட்டு, "ஏல, நொச்சி வாசத்தோட பெயிண்டு வாசம்லா வருது" என்றாள். ஒட்டின இடத்தை நகத்தால் அழுத்தினேன். வெயிலில் கிடந்த மெழுகுவர்த்தி போல நகம் பதிந்தது.

சூட்டைத் தாங்குவது சிலிக்கான். 200 டிகிரி வரை அசையாது, வளைந்தும் கொடுக்கும். ஆனால் சிலிக்கான் என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் பாத்ரூம் ட்யூபைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். மூச்சுப் போகும் வழிக்கு வேண்டாம். உணவுத் தரம் என்று அச்சிட்டதையே கேளுங்கள். பூசும்போது வினிகர் வாடை வந்தால் அது அசிட்டிக் அமிலம் விடும் வகை. காய்ந்ததும் வாடை போய்விடும், ஆனால் அந்த அமிலம் செம்பு, பித்தளையை அரிக்கும். வயர் இருக்கும் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். காற்றின் ஈரம்தான் அதை இறுக்குகிறது, அதனால் ஈரக் காற்றில் வேகமாகவும் வறண்ட காற்றில் மெதுவாகவும் காயும். தடிமனாக அப்பிவிட்டு மறுநாளே கெட்டிலைப் போடாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். பிறகு மூன்று, நான்கு தடவை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. புனலைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். சிலிக்கான் உட்பட சாதாரணப் பசை எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது.

இவ்வளவும் சொன்னாலும், நானாக இருந்தால் பசையே போடமாட்டேன். உணவுத் தரச் சிலிக்கான் குழாயை, கெட்டில் மூக்கைவிட ஒரு சுற்று சிறிதாக வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து இழுத்து மாட்டி, மேலே ஒரு ஹோஸ் கிளிப்பை முடுக்கினால் போதும். கழற்றிக் கழுவலாம். பசை போட்டால் கழுவ முடியாது.

குழாய் நடுவில் தொய்ந்து கிடக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் ஆவி தண்ணீராகித் தேங்கும், அடுத்து வரும் ஆவி அந்தக் கொதிநீரை முகத்தில் துப்பும். புனல் பக்கம் மேடாக, கெட்டில் பக்கம் சரிவாக வையுங்கள், தண்ணீர் கெட்டிலுக்கே திரும்பிவிடும். மூடியை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். கொதித்ததும் கெட்டில் தானே அணைவது, ஆவி உள்ளே இருக்கிற ஓர் உலோகப் பட்டையைச் சுட்டு வளைப்பதால்தான். சீக்கிரம் அணைகிறதே என்று சுவிட்சை ரப்பர் பேண்டால் கட்டிவைப்பவர்கள் உண்டு. தண்ணீர் வற்றினால் அப்புறம் 100 டிகிரிக் கணக்கெல்லாம் செல்லாது. அணைந்தால் திரும்பவும் அழுத்துங்கள், அவ்வளவுதான்.

கெட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும். நொச்சி இலை கெட்டிலின் மூக்கை அடைக்கும். யூகலிப்டஸ் தைலமோ, பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள் கோந்தையே கரைக்கிற சாமான். சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். வாசனை வேண்டுமென்றால் ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

குழாய் வாங்கப் போகும்போது கெட்டிலையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மூக்கின் வெளிப்புறத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுங்கள். வருகிற விட்டத்தில் 2 மில்லிமீட்டர் குறைத்து, அதைக் குழாயின் உள் அளவாகச் சொல்லிக் கேளுங்கள்.