எலியட்சனை நீக்கினார்களா, அவரே விலகினாரா?

மருத்துவர் எலியட்சனை மருத்துவமனையிலிருந்து வெளியேற்றியதாக ஒரு கட்டுரையில் படித்துவிட்டுக் கேட்டிருந்தீர்கள். நீக்கவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையிலிருந்து ஜான் எலியட்சன் 1838 டிசம்பரில் தானே விலகினார். பேராசிரியர் பதவியையும் சேர்த்தே விட்டார். வார்டுகளில் மெஸ்மரிசம் (கையசைவுகளால் நோயாளியை மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் முறை) கூடாது என்று கல்லூரி நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது, அவர் பணியவில்லை. அதைத்தான் நீங்கள் படித்த கட்டுரை ‘வெளியேற்றம்’ என்கிறது போலும்.

மருத்துவமனையின் 1837-க்கு முந்தைய பதிவு கிடைக்கவில்லை என்றீர்களே, ‘நார்த் லண்டன் ஹாஸ்பிடல்’ என்று தேடிப் பாருங்கள். அதன் பழைய பெயர் அது.

அப்புறம், லான்செட் மருத்துவ இதழை மட்டும் நம்ப வேண்டாம். எலியட்சன் மெஸ்மரிசம் செய்த நோயாளிகளான ஓக்கி சகோதரிகளை 1838 ஆகஸ்டில் சோதித்து, எல்லாம் பாசாங்கு என்று எழுதியவரே அதன் ஆசிரியர் வேக்லி. சோதனை நியாயமானதுதான், ஆனால் அவர் நடுநிலையாளர் இல்லை.