5 வயதுப் பிள்ளைக்குக் கனடாப் பூர்வகுடிகளைப் பற்றி வாசித்துக் காட்ட எந்தப் படக்கதைப் புத்தகம் நல்லது?

'வென் வீ வேர் அலோன்' என்ற புத்தகத்தில் தொடங்குங்கள். டேவிட் ராபர்ட்சன் எழுதி ஜூலி ஃப்ளெட் படம் வரைந்தது, 2016இல் வந்தது, இருவருமே கிரீ என்ற பூர்வகுடி வழியில் வந்தவர்கள்.

நானும் உங்களை மாதிரித்தான் தேடத் தொடங்கினேன். செப்டம்பர் 30க்குச் செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொல்லி மகளின் பாலர் வகுப்பிலிருந்து கடிதம் வந்தது, ஏன் அப்பா என்று கேட்டாள், எனக்கே சரியாகத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற 6 வயதுப் பூர்வகுடிச் சிறுமி 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு விடுதிப் பள்ளிக்கு, அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அவர்கள் மொழியையும் பழக்கத்தையும் மறக்கடித்த பள்ளிக்கு, போன முதல் நாளே, பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையைப் பறித்துவிட்டார்கள். அதன் நினைவாகத்தான் அந்தச் சட்டை. அப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர், கடைசிப் பள்ளி மூடியது 1990களில்தான். இதை 5 வயதுக்கு எப்படிச் சொல்வது?

அந்தப் புத்தகம் சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் பாட்டிக்கு உதவும் பேத்தி ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்: ஏன் இத்தனை நிறத்தில் உடுத்துகிறீர்கள், ஏன் முடியை இவ்வளவு நீளமாக வளர்க்கிறீர்கள், ஏன் கிரீ மொழியில் பேசுகிறீர்கள். பள்ளியில் முடியை வெட்டிவிட்டார்கள், அதனால் யாரும் பார்க்காத நேரத்தில் நீளமான புல்லை எடுத்து முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்வோம் என்கிறாள் பாட்டி. அந்தப் பக்கத்தில் என் மகள் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடியோ இரத்தமோ எந்தப் படத்திலும் கிடையாது, பயப்படாமல் காட்டலாம்.

அப்புறம் அடுத்தடுத்து நூலகத்தில் எடுத்தோம். மிக்கேலா கோட் எழுதி வரைந்த 'பெர்ரி சாங்' அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் திலிங்கித் மக்களுடையது. பாட்டியும் பேத்தியும் காட்டில் பெர்ரி பறிப்பதும், பறிக்கும்போது நிலத்துக்கு நன்றி சொல்வதும்தான் கதை. கரோல் லிண்ட்ஸ்ட்ரம் எழுதிய 'வீ ஆர் வாட்டர் ப்ரொடெக்டர்ஸ்' புத்தகத்துக்கும் படம் மிக்கேலா கோட்தான், அதற்காக அவருக்கு 2021இல் படப் புத்தக ஓவியத்துக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. அதில் எண்ணெய்க் குழாய் கறுப்புப் பாம்பாக வரும். தண்ணீர்தான் முதல் மருந்து என்று அதில் கதை சொல்லும் சிறுமிக்குச் சொன்னதும் பாட்டிதான்.

"எல்லாப் புத்தகத்திலும் ஏன் அம்மம்மா வாறா?" என்று மகள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. விடுதிப் பள்ளிகள் அறுத்தது சரியாக அந்த இழையைத்தான். மொழி, எந்தச் செடி மருந்து, எப்போது எதைப் பறிக்கலாம் என்பதெல்லாம் பாட்டி மடியில் வந்து சேர வேண்டியவை, பிள்ளையை எடுத்துப் போய்விட்டால் சொல்வதற்கு ஆள் இருந்தும் கேட்பதற்கு ஆள் இல்லை. எழுதுகிறவர்கள் பாட்டியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது பாசத்துக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் பார்த்து எடுங்கள். நான் முதலில் எடுத்து வந்தது 'இந்தியப் பழங்கதை' என்று அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் (பூர்வகுடிகளை அப்போது 'இந்தியர்' என்றுதான் சொன்னார்கள்), யாருடைய கதை, எந்த மக்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை, எல்லார் தலையிலும் இறகு. பாதியில் மூடி வைத்தேன். எழுதியவர் கிரீயா, ஒஜிப்வேயா, திலிங்கித்தா என்று புத்தகத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் விடுங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது பொரித்த ரொட்டியைப் பற்றிக் கெவின் நோபல் மயியார்ட் எழுதிய 'ஃப்ரை பிரெட்': அட்டையைத் திறந்ததும் பக்கம் முழுக்கப் பூர்வகுடி மக்களின் பெயர்கள்தான், நெருக்கி நெருக்கி எழுதியிருக்கும். கடைசியில் அந்த ரொட்டியின் செய்முறையும் உண்டு. செய்து பார்த்தோம். பூரி மாதிரி வரும் என்று நினைத்தேன், நல்ல தடிப்பாக வந்தது, மகள் சீனி தூவிச் சாப்பிட்டாள்.

செப்டம்பரில் இவற்றுக்கு நூலகத்தில் நீண்ட வரிசை இருக்கும், ஆகஸ்டிலேயே பதிந்து வையுங்கள்.