பள்ளி நூலகத்தில் குவிந்து கிடக்கும் புத்தகங்களை எங்கிருந்து ஒழுங்குபடுத்தத் தொடங்குவது?

கேட்டிருப்பது இதுதான்: பள்ளி நூலகப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. அலமாரிகளில் நாலாயிரம் பழைய புத்தகங்கள், மூலையில் பிரிக்காத மூன்று பெட்டி புதுப் புத்தகங்கள், கணினியில் இன்னும் ஒன்றும் ஏற்றாத மென்பொருள். முதலில் எதைத் தொடுவது?

பழைய அலமாரியை. புதுப் பெட்டிகள் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே கிடக்கட்டும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்து பட்டவன். பொறுப்பேற்ற முதல் வருடம், அலமாரியில் இருந்த வரிசைப்படியே ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கணினியில் ஏற்றினேன். ஒன்றுக்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். ஆண்டு முடிவில் இருப்பு சரிபார்த்தபோது, கழிக்க வேண்டியவை என்று தனியே எடுத்து வைத்த குவியலில் பாதி நானே லேபிள் ஒட்டியவை. தூக்கிப் போடப்போகிற புத்தகத்துக்கு, அது எந்தத் துறை, எந்த அலமாரி என்று காட்டும் பகுப்பெண்ணைத் தேடி உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதனால் வேண்டாததைக் கழிக்கும் களையெடுப்பு முதலில், பட்டியல் அப்புறம், புது வரவு கடைசியில்.

எதைக் களைவது என்பதற்கு 1970-களில் அமெரிக்காவின் டெக்சாஸில் உருவான 'க்ரூ' முறை இன்றும் உதவுகிறது. அது ஆறு காரணங்கள் சொல்கிறது: தவறான தகவல், கையில் எடுக்கவே கூசும் நிலை, புதிய பதிப்பு வந்துவிட்டது, உள்ளே சரக்கில்லை, நம் வாசகருக்குப் பொருந்தாது, வேறிடத்தில் எளிதாகக் கிடைக்கிறது. துறைவாரியாக வயதுக் கணக்கும் உண்டு. கணினி நூல் மூன்று வருடம், மருத்துவ நூல் ஐந்து வருடம், கதைப் புத்தகமென்றால் இரண்டு வருடமாக யாரும் தொடாதது என்கிற மாதிரி. இதை ஒரு கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை எனக்கு முதல் காரணம்தான் முக்கியம். தவறான புத்தகம் கிழிந்த புத்தகத்தைவிட மோசம், ஏனென்றால் அது பார்க்க நன்றாகவே இருக்கும். அறிவியல் வரிசையில் நின்று இப்படிப் பாருங்கள். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்றிருந்தால் அது 2006 ஆகஸ்டுக்கு முந்தைய சரக்கு. அந்த மாதம்தான் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றினார்கள். நிலப்பட நூலில் தெற்கு சூடான் இல்லையென்றால் 2011-க்கு முந்தையது. தனிம அட்டவணையின் கடைசி வரிசையில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடுகள் தெரிந்தால், 2016 இறுதியில் 113, 115, 117, 118 ஆகிய நான்கு தனிமங்களுக்கும் பெயர் உறுதியாவதற்கு முன் அச்சானது. இந்த மூன்றையும் பார்க்க ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம் போதும். ஆனால் புளூட்டோவுக்குப் பயணம் போகும் கதை கதையாகவே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். பள்ளியின் சொந்த ஆண்டு மலர்களையும் தொடாதீர்கள். அவற்றுக்கு வேறு பிரதி உலகத்தில் எங்கும் இருக்காது.

கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், இரவல் தேதியை முத்திரையிடும் தவணைச் சீட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. பல வருடமாக ஒரு முத்திரைகூட விழாத, செங்கல் கனத்தில் ஒரு பறவைப் படநூலைக் கழித்தேன். அடுத்த வாரமே மூன்று பிள்ளைகள் வந்து "அந்தப் பெரிய பறவை புக் எங்கே சார்?" என்றார்கள். வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாத கனம் என்பதால் இடைவேளையில் ஜன்னலோரத்தில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிலிருந்து, களையெடுப்புக்கு முந்தைய மூன்று வாரம் 'எடுத்த புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள், மேஜையிலேயே விட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிடுகிறேன். மாலையில் மேஜையில் கிடப்பவற்றின் தவணைச் சீட்டு மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. எந்தப் புத்தகம் உள்ளேயே படிக்கப்படுகிறது என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சி.

முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் யாரும் கேட்கவில்லையென்றால் கழித்துவிடலாம்.

கழிப்பதை முறையாகக் கழிக்க வேண்டும். பட்டியல் போட்டுத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து, வரும் புத்தகத்துக்கெல்லாம் வரிசை எண் போட்டு எழுதும் வரவுப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்தின் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் தேதியும் காரணமும், பள்ளி முத்திரையின் மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை. அந்த வரிசை எண்ணை வேறு புத்தகத்துக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. நான் ஒருமுறை முத்திரையை அடிக்காமல் குப்பைத் தொட்டியருகே அடுக்கி வைக்க, ஒரு நல்ல மனிதர் அத்தனையையும் சுமந்துகொண்டு வந்து அலுவலகத்தில் கொடுத்து, "புத்தகத்தைக் குப்பையில் போடுகிறார்கள்" என்று புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கம் எழுதியே அந்த வாரம் தீர்ந்தது. இன்னொன்று, தகவல் தவறென்று கழித்ததை புத்தகம் இல்லாத பள்ளிக்குத் தானமாக அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஆகாதது அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி ஆகும்? அதெல்லாம் பழைய பேப்பருக்குத்தான்.

சரி, மிச்சமிருப்பதற்குப் பட்டியல். எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் என்கிற பதிப்பு அடையாள எண் இருந்தால், 'கோஹா' போன்ற இலவச மென்பொருள் மற்ற நூலகங்கள் ஏற்கெனவே செய்த மார்க் பதிவுகளை, அதாவது கணினி படிக்கும் வடிவத்தில் உள்ள நூல் விவரங்களை, தேடி இறக்கிக் கொடுத்துவிடும். இறக்கியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரே எழுத்தாளர் ஒரு பதிவில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் புனைபெயர் என்று வந்திருப்பார். தேடுகிறவருக்கு அது மூன்று ஆட்களாகத் தெரியும். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொருள் தலைப்பு, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் சொல். எந்தக் குழந்தையும் 'வானியல்' என்று தேடாது. 'நிலா' என்றுதான் தேடும். இரண்டையும் போடுங்கள்.

பகுப்பெண்ணில் புள்ளிக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் போதும். எண் நீண்டால் சின்னப் பிள்ளைகளால் வரிசை பார்க்க முடியாது, மெலிந்த புத்தகத்தின் முதுகில் லேபிளும் கொள்ளாது. இந்த எண்களுக்கு அடிப்படையாக 1876-இல் அமெரிக்க நூலகர் டூயி போட்ட பகுப்பு முறை எல்லா இடத்திலும் குழந்தையின் மனதோடு ஒத்துப்போகாது என்பதும் உண்மை. புலி 599.75, விலங்கியல். பூனை 636.8, வேளாண்மைக்குள் வரும் வளர்ப்பு விலங்கு. "புலி பூனைக் குடும்பம்னு நீங்கதானே சார் சொன்னீங்க, ஏன் அது வேற அலமாரில இருக்கு?" என்று ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். எண்ணை மாற்றவில்லை. புலி இருக்கும் தட்டில் 'பூனை, நாய் வேண்டுமா? 636-க்குப் போ' என்று ஒரு அட்டை தொங்கவிட்டேன்.

இப்போது அந்த மூன்று பெட்டிகளைப் பிரிக்கலாம். ரசீதோடு ஒப்பிட்ட கையோடு முத்திரை குத்திவிடாதீர்கள். முதலில் பக்கங்களைப் புரட்டுங்கள். புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கம் போன்ற கட்டுகளாகச் சேர்த்துத் தைக்கப்படுவதால், தவறினால் ஒரு கட்டு முழுதும் விட்டுப்போயிருக்கும், அல்லது தலைகீழாக இருக்கும். முத்திரை விழுந்த பிறகு விற்றவர் திருப்பி எடுக்கத் தயங்குவார். கனமான புத்தகத்தைத் திறக்கவும் ஒரு பக்குவம் உண்டு. முதுகை மேஜையில் வைத்து, முன்னட்டையையும் பின்னட்டையையும் இரு பக்கமும் சாய்த்து, பிறகு முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறி மாறி விரலால் அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுப்பக்கத்தை விரித்தால் பசை விட்டு அங்கேயே பிளந்துவிடும்.

அதன் பிறகு வரிசை எண், முத்திரை, முதுகு லேபிள், பார்கோடு. லேபிளை அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒட்ட, கோடு போட்ட ஒரு அட்டைத்துண்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கிழிசலுக்குச் சாதாரண செல்லோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளித்துத் தாளையும் அரித்துவிடும். தவணைச் சீட்டு ஒட்டுமுன் அட்டையின் உட்புறத்தையும் பாருங்கள். சில புத்தகங்களில் அங்கேதான் வரைபடம் இருக்கும். பாதிக் கண்டத்தை மறைத்து ஒட்டிய ஒரு நிலப்பட நூல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, ஒட்டியவனும் நான்தான்.