முறிகண்டியில் சில்லைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் விசுவமடுப் பக்கம் படிப்பிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு அல்ரோ 800. நான்கு ரயரும் வழுக்கையாகிவிட்டன. கொழும்பில் இருக்கும் அண்ணா அங்கே மலிவாக வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்கிறார். கிளிநொச்சியில் ஒரு கடையில் "உங்கட அளவு இல்லை மிஸ், 155 இருக்கு, போடலாம், வடிவாயும் இருக்கும்" என்கிறார்கள். வீட்டுக்குக் கிட்ட ஒட்டுக்கடை வைத்திருக்கும் தம்பி, ரயரைக் கொண்டுவந்தால் தானே மாற்றித் தருவதாகச் சொல்கிறார். அல்லது வவுனியாவுக்கே போகட்டுமா?
— ஆசிரியை ஒருவர், விசுவமடு

பதில்: பிள்ளை, வாங்குகிற இடமும் பூட்டுகிற இடமும் ஒன்றாக இருக்கட்டும். கிளிநொச்சியோ வவுனியாவோ, அது உங்கள் வசதி. ரயரை மெசினில் ஏற்றி, பலன்ஸ் (சில்லின் பாரம் சுற்றிவரச் சமமா என்று) பார்த்து, எலைன்மென்டும் (சில்லுகள் நேராக நிற்கச் சரிசெய்வது) செய்து விடுகிற கடையாக இருக்க வேண்டும். அண்ணா மிச்சம்பிடிக்கும் காசு பஸ் கூலியிலும் பூட்டுகூலியிலும் பாதி கரைந்துவிடும். பிறகு ரயரில் ஒரு புடைப்பு வந்தால் யாரிடம் கொண்டுபோவீர்கள்? விற்றவர் பூட்டினவரைச் சொல்வார், பூட்டினவர் விற்றவரைச் சொல்வார்.

அந்த 155ஐ மட்டும் போடவே போடாதீர்கள். உங்கள் காரின் அளவு 145/80ஆர்12. 145 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 80 என்பது அந்த அகலத்தில் 80 வீதம் பக்கச்சுவரின் உயரம். 12 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 12 அங்குல றிம்முக்கு வருகிற 155 பெரும்பாலும் 155/65. இரண்டையும் கணக்குப் பார்த்தால் உங்கள் ரயரின் முழு உயரம் ஏறக்குறைய 537 மில்லிமீற்றர், அதனுடையது 506. கார் 15 மில்லிமீற்றர் கீழே இறங்கிவிடும். தார் ரோட்டில் மட்டும் ஓடுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நீங்கள் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியிலிருந்து இறங்கி கிரவல் ஒழுங்கைக்குள் போகிறவர். மாரியில் வண்டில் தடம் விழுந்த ஒழுங்கையில் அந்த 15 மில்லிமீற்றர்தான் காரின் அடிவயிறு தட்டுவதும் தட்டாததும். பக்கச்சுவர் குட்டையானால் குழியில் விழும்போது அடி நேரே றிம்முக்குப் போகும். ஸ்பீடோமீற்றரும் பிழையாகக் காட்டும்: முள் 60இல் நிற்கும், நீங்கள் ஓடுவதோ 57க்கும் குறைவு. அளவுக்குப் பக்கத்தில் 74 என்றோ அதற்கு மேலோ ஓர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 74 என்றால் அந்த ரயர் 375 கிலோ தாங்கும். அதற்குக் குறைந்தது வேண்டாம்.

இனி, நான் காசு கொடுத்துப் படித்த பாடம் ஒன்று. 2016இல் வான் ஓடிக்கொண்டிருந்தேன். மடுத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றுவதற்கு முன் பின்சில்லுகளுக்கு இரண்டு புது ரயர் போட்டேன். கறுப்பாக, பளபளவென்று, றப்பர் மயிர்கூட உதிராமல் இருந்தன. விலையும் மற்றக் கடைகளை விடக் குறைவு. ஆவணி வெயில், வான் நிறைய ஆட்கள். பறையனாளங்குளத்துக்குக் கிட்டப் போகும்போது பின்பக்கம் "தப் தப்" என்று ஒரு சத்தம். நிப்பாட்டி இறங்கிப் பார்த்தால் ரயரின் மேற்தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கழன்று மட்காட்டில் அடித்துக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் மடியில் குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்பெயர் சில்லைப் பூட்டிவிட்டு, கழற்றின ரயரை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1109. 2009ஆம் ஆண்டின் 11ஆம் கிழமை செய்த ரயர். ஏழு வருடம் எங்கேயோ கிடந்து காய்ந்ததை எனக்குப் "புதுசு" என்று தந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்க் கேட்டேன். "பாவிக்காத ரயர் புது ரயர்தானே அண்ணை" என்றார்கள். என் பில்லிலும் விலையைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

றப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமைப்படும். வெயில் படுகிற கடை வாசலில் அடுக்கி வைத்தால் இன்னும் கெதியாக. ஆகவே கடைக்குள் போனதும் விலை கேட்க முதல் "எத்தனையாம் கிழமை?" என்று கேளுங்கள். கேட்டவுடன் ரயரைப் புரட்டி இலக்கத்தைக் காட்டுகிறவர் நல்ல வியாபாரி. சில ரயர்களில் அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும், மற்றப் பக்கத்தில் காணவில்லையே என்று ஏமாறாதீர்கள். செய்து ஒரு வருடத்துக்கு உட்பட்டதென்றால் யோசிக்காமல் வாங்கலாம். நிழலில் வைத்திருந்ததென்றால் இரண்டு வருடம் வரை நான் வாங்குவேன். அதற்கு மேல் என்றால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். நான்கு ரயரின் இலக்கத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. பழைய காரை வைத்தே காலம் தள்ளுகிற எங்களுக்கு ரயரிலாவது ஏமாற முடியாது.

பூட்டும்போது கதிரையில் இருந்து போனைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள். பழைய வால்வை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுகிறார்களா? சின்னச் செலவுதான், ஆனால் பழைய வால்வின் அடி வெடித்து இரவோடு இரவாகக் காற்று இறங்கின வாகனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒட்டுக்கடைத் தம்பியிடம் பஞ்சர் ஒட்டுங்கள், அவருக்கு அந்த வேலை கைவந்தது. ரியூப் இல்லாத ரயரை லீவர் போட்டு நெம்பி ஏற்றினால் றிம்மோடு ஒட்டுகிற விளிம்பு கிழியும். பிறகு கிழமைக்கு ஒருமுறை காற்றடித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய முன் ரயர்களின் உள்பக்க ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அதைக் கடைக்காரருக்குக் காட்டுங்கள். எலைன்மென்டைச் சரிசெய்யாமல் புது ரயர் போட்டால் அதுவும் அதே இடத்தில் தேயும். செய்ததற்கு முன்னும் பின்னுமான அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

புது ரயர் பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடினதும் நட்டுகளை ஒருதடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். வவுனியாவில் பூட்டினால் வருகிற வழியில் முறிகண்டியில் எப்படியும் நிப்பாட்டுவீர்கள், அதற்குள் 50 கிலோமீற்றர் தாண்டியிருக்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து, நான்கு ரயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு, அல்லது அந்தச் சில்லில் பிரேக் விடாமல் பிடிக்கிறது. நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரும் புதிருமாக இறுக்குங்கள். வட்டமாகச் சுற்றி இறுக்கினால் சில்லு சரிந்து உட்காரும்.

கேள்வி: நைதரசன் அடித்தால் ரயர் கனகாலம் உழைக்குமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான் தம்பி. அந்தக் காசுக்கு நல்ல காற்றுமானி ஒன்று வாங்குங்கள். மாதம் இரண்டு தடவை, விடிய, வாகனம் ஓட முதல் அளந்து பாருங்கள். எவ்வளவு அடிப்பது என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும். மத்தியான வெயிலில் ஓடிப்போய் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு ரயருக்குத்தான் காசு இருக்கிறது. முன்னுக்குப் போடவா, பின்னுக்குப் போடவா?
— கார் வைத்திருப்பவர், முள்ளியவளை

பதில்: பின்னுக்கு. முன்சில்லுதான் இழுக்கிறது, அதற்குத்தான் புதியது என்று பலர் சொல்வார்கள். மழைத் தண்ணீரில் முன் ரயர் வழுக்கினால் ஸ்ரேரிங்கில் தெரியும், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் கார் பிடித்துக்கொள்ளும். பின் ரயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பழையதில் நல்லதாக இரண்டைத் தெரிந்து முன்னுக்குப் போடுங்கள். ரயரின் மேல்பரப்பில் ஓடும் தவாளிப்புகளுக்குள் குட்டையான மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டதென்றால் அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள். காசு சேரும்வரை மழை நாளில் முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போய் வாருங்கள்.