வாசகர் கேள்வி – பதில்: காசு கட்டாத விளையாட்டாளருக்கு எதை மறுக்கலாம்?

ஒன்லைன் விளையாட்டுகள் கட்டணமின்றி வழங்கப்படும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, காசு கட்டாமல் விளையாடுவோருக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

“‘ஸ்டார் வோர்ஸ்: த ஓல்ட் ரிபப்ளிக்’ விளையாட்டை அண்மையில்தான் தொடங்கினேன். இவ்வளவு பெரிய கதையைக் காசில்லாமல் தருகிறார்களே என்று மகிழ்ந்தேன். ஆனால் பழைய விளையாட்டாளர்கள் ஆரம்ப காலக் கட்டுப்பாடுகளை நினைத்து இன்றும் கோபப்படுகிறார்கள். இலவசமாகக் கிடைத்த ஒன்றின்மீது ஏன் இவ்வளவு கோபம்?”
– பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

பயோவெயார் உருவாக்கி ஈ.ஏ. நிறுவனம் 2011 டிசம்பர் 20 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டு, மாதம் 14.99 டொலர் சந்தாவை நம்பியே தொடங்கப்பட்டது. 2012 பெப்ரவரியில் 17 இலட்சம் பேர் சந்தா கட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 10 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட, கட்டணமின்றியும் விளையாடலாம் என்ற முடிவை அது வெளியிட நேர்ந்தது. நவம்பர் 15 அன்று அம்முடிவு நடைமுறைக்கு வந்தபோது, எட்டு வகைப் பாத்திரங்களின் கதைகளும் 50ஆம் நிலை வரை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. உங்களை மகிழ்வித்தது இதுதான். அது சிறிய கொடை அன்று என்பதை நானும் ஏற்கிறேன்.

கோபத்தின் வேர் அந்தக் கொடையோடு சேர்ந்து வந்த பட்டியலில் இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை போர்க்களங்கள்தான், பெருங்குழுவாகச் செல்லும் ஒப்பரேஷன்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பன போன்ற விதிகளைப் பலர் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள். அவர்களால் ஏற்க முடியாதது குவிக்பார் விதியாகும். ஆற்றல்களை வைத்து அழுத்துவதற்குத் திரையில் இருக்கும் இந்தப் பட்டைகளில் இரண்டு மட்டுமே இலவச விளையாட்டாளருக்குத் தரப்பட்டன. ஒரு பட்டையில் 12 இடங்கள் என்பதால் இரண்டிலும் சேர்த்து 24 இடங்களே கிடைத்தன. உயர்ந்த நிலையை எட்டும் பாத்திரத்துக்கோ அதைவிடக் கூடுதலான ஆற்றல்கள் கிடைத்துவிடும். தான் உழைத்துக் கற்ற ஆற்றலைப் பயன்படுத்த இடமில்லாமல் ஒருவர் போருக்குள் நிற்க வேண்டியிருந்தது. விருந்துக்கு அழைத்து, இலை போட்டு, சோறும் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிவைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தலைக்கவசத்தை மறைத்து முகத்தைக் காட்டும் மிகச் சிறிய வசதிகூடக் காசுக்கு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விளையாட்டாளர்களின் எதிர்ப்புக்குப் பலன் கிடைத்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில வாரங்களுக்குள் இலவச விளையாட்டாளருக்கான பட்டைகள் நான்காகவும், ஒரு முறையேனும் சிறு தொகை செலவிட்ட ‘பிரிஃபர்ட்’ நிலையினருக்கானவை ஆறாகவும் உயர்த்தப்பட்டன. நிறுவனம் இறங்கி வந்ததற்குக் காரணம் விளையாட்டாளர்களின் வாதம் துல்லியமாக இருந்ததே என்று நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் தா என்று கேட்காமல், இந்த ஒரு விதி விளையாட்டையே விளையாட விடாமல் தடுக்கிறது என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இதே துறையில் இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2010இல், டேர்பைன் நிறுவனம் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் ஒன்லைன்’ விளையாட்டைக் கட்டணமற்றதாக மாற்றியபோது வேறு வழியைக் கையாண்டது. அங்கும் பை அளவுக்கும் பணத்துக்கும் வரம்புகள் இருந்தன. தொலைதூர நிலப்பகுதிகளின் பணிகளைத் தொகுப்புத் தொகுப்பாக வாங்க வேண்டியும் இருந்தது. ஆனால் அவற்றை வாங்குவதற்கான புள்ளிகளை விளையாடியே சேர்க்கலாம். கையில் காசில்லாத ஒருவர் பொறுமையாக உழைத்தால் கதவு திறக்கும் என்ற நிலை இருந்தபடியால், அந்த விளையாட்டின்மீது இவ்வளவு கசப்பு வளரவில்லை. வருமானம் மூன்று மடங்காகிவிட்டது என்று அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. விளையாட்டாளரை மதித்தால் நட்டம் வரும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

“என் மகனுக்குப் பதினான்கு வயது. விளையாட்டில் காசு கட்டாதவன் என்று மற்றப் பிள்ளைகள் ஏளனம் செய்கிறார்களாம். காசு கட்டித் தரச் சொல்லி அழுகிறான். கட்டிக் கொடுப்பதா, விளையாட்டை நிறுத்துவதா?”
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அம்மா, இரண்டுமே வேண்டாம். ஏளனத்துக்கு அஞ்சிக் கட்டிய காசு அடுத்த மாதம் இன்னொரு ஏளனத்தைத் தடுக்கப் போவதில்லை. யார் காசு கட்டாதவர் என்பது பாத்திரத்தின் உடையிலேயே எல்லோருக்கும் தெரியும்படி பல விளையாட்டுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் மனம் நோவதற்கு அந்த வடிவமைப்பும் பொறுப்பு என்பதை அவனுக்கு விளக்குங்கள். ஏளனம் செய்வோரின் பேச்சை முடக்கவும் அவர்களைப் பற்றி முறையிடவும் ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளிலும் வசதி உண்டு. அதை அவனோடு அமர்ந்து ஒரு முறை செய்து காட்டுங்கள்.

எல்லாச் சமூகங்களும் இப்படி இல்லை என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். விண்வெளிக் கப்பல்களை ஓட்டும் ‘ஈவ் ஒன்லைன்’ விளையாட்டு 2016 நவம்பரில் ‘அல்பா’ என்ற கட்டணமற்ற நிலையை அறிமுகம் செய்தது. அல்பா விமானிகள் கற்கக்கூடிய திறன்களுக்கு வரம்பு உண்டு. மிகப் பெரிய கப்பல்களை அவர்கள் ஓட்ட முடியாது. ஆனாலும் சிறிய, வேகமான கப்பலில் முந்திச் சென்று எதிரியின் கப்பல் தப்பிவிடாமல் பிடித்து நிறுத்தும் பணியைப் புதிய விமானியும் செய்யலாம். பெரும் போர்களில் அந்தப் பணி இன்றியமையாதது. அதனால் கூட்டணிகள் இத்தகையோரை விரும்பிச் சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் மகனும் தன்னைத் தேவைப்படும் ஒரு குழுவைத் தேடிக்கொள்ளட்டும்.

“பொருள் விற்க முடியாது, வாங்க முடியாது, அரட்டையில் பேச முடியாது. இவற்றையெல்லாம், ஆளின்றி மென்பொருளால் தானாக இயங்கும் ‘பொட்’ கணக்குகளைத் தடுப்பதற்காகச் செய்கிறோம் என்கிறார்கள். இது உண்மையா, சாக்குப்போக்கா?”
– வாசகர், தெகிவளை

பெரும்பாலும் உண்மை. ஆனால் உண்மையான காரணம் இருப்பதால் மட்டும் ஒரு விதி நியாயமாகிவிடாது. இரண்டு வரலாறுகளைப் பார்ப்போம்.

ரூன்ஸ்கேப் விளையாட்டில் பொற்காசுகளைத் திரட்டி உண்மைப் பணத்துக்கு விற்கும் கூட்டங்கள் பெருகி, திருடப்பட்ட கடனட்டைகள் வரை விவகாரம் சென்றபோது, ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் கடுமையான நடவடிக்கை எடுத்தது. இருவர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கப் பெறுமதிகளும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒருவரையொருவர் தாக்கிப் பொருளைக் கைப்பற்றும் வில்டர்னஸ் நிலத்தின் பழைய முறையையும் நீக்கியது. இக்கட்டுப்பாடுகள் சந்தா கட்டியோரையும் விடவில்லை. நண்பனுக்கு ஒரு நல்ல வாளைப் பரிசாகக் கொடுக்க முடியாத நிலை வந்தது. விளையாட்டுக்குள்ளேயே கூட்டமாகத் திரண்டு எதிர்த்தவர்களும் உண்டு, விலகிச் சென்றவர்களும் உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, 2011 ஜனவரியில் முடிந்த வாக்கெடுப்பில் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பதிவாகி, அவற்றில் 91 வீதம் பழைய முறை திரும்ப வேண்டும் என்றன. பெப்ரவரி 1 அன்று அது திரும்பியது. கூடவே பொட் கணக்குகளும் திரும்பின. அவற்றைப் பெருமளவில் முடக்க அதே ஆண்டு ஒக்டோபரில் நிறுவனம் தொழில்நுட்ப வழியை நாட வேண்டியிருந்தது. எனக்கு இதில் தெரிவது என்னவென்றால், குற்றவாளியைக் கண்டறியும் கடினமான வேலையை நிறுவனம் தள்ளிப்போட்டுக்கொண்டு, அதன் விலையை நேர்மையான விளையாட்டாளரிடம் வசூலித்தது. அந்த வேலையை எப்படியும் ஒரு நாள் செய்தே ஆக வேண்டும்.

‘டீம் போர்ட்ரெஸ் 2’ இன்னும் வருத்தமளிக்கும் கதை. 2011 ஜூனில் கட்டணமற்றதாக மாறிய அந்த விளையாட்டில் இலவசக் கணக்குக்கு 50 பொருள்களுக்கான இடமே உண்டு, பண்டமாற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கடையில் மலிவான ஒரு பொருளை வாங்கினாலே தடைகள் நீங்கிவிடும். ஆனால் 2020 ஜூனில், இனவெறிச் சொற்களைக் கொட்டும் பொட் கணக்குகள் தாங்க முடியாத அளவுக்குப் பெருகியதால், இலவசக் கணக்குகளுக்கு எழுத்து அரட்டையும் குரல் அரட்டையும் நிறுத்தப்பட்டன. குழுவாக விளையாடும் ஒரு விளையாட்டில், முதுகுக்குப் பின்னே எதிரி நிற்கிறான் என்று தோழனுக்குச் சொல்ல முடியாத புதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பொருள் வியாபாரத்தைத் தடுப்பதை நான் ஏற்பேன். பேச்சை முற்றிலும் தடுப்பதை ஏற்கமாட்டேன். தன் குழுவினரோடு மட்டுமாவது பேச இடம் விட்டிருக்கலாம்.

“தொலைபேசி இலக்கம் கேட்கும் விளையாட்டுகளைப் பற்றி எழுதுங்கள். முற்கட்டணச் சிம் வைத்திருப்பவன் ஏமாற்றுக்காரனா?”
– வேலைக்குச் செல்லும் இளைஞர், மட்டக்குளி

உங்கள் கேள்வியில் உள்ள சினம் நியாயமானது. ‘ஓவர்வோச் 2’ 2022 ஒக்டோபர் 4 அன்று கட்டணமின்றி வெளியானபோது, ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க எல்லோரும் தொலைபேசி இலக்கத்தை இணைக்க வேண்டும் என்றும், முற்கட்டண இலக்கங்கள் செல்லாது என்றும் ப்ளிசார்ட் நிறுவனம் கூறியிருந்தது. அமெரிக்காவிலேயே பலர் இதனால் உள்ளே நுழைய முடியாமல் போனார்கள். ரீலோட் போட்டுப் பேசுவதே பெருவழக்கான நம் நாட்டில் இத்தகைய விதி எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்பதை மட்டக்குளியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களுக்குள் நிறுவனம் பின்வாங்கியது: 2021 ஜூன் 9க்குப் பின் முதல் ஓவர்வோச்சை விளையாடியிருந்தவர்களுக்கு இலக்கம் தேவையில்லை என்று அறிவித்தது. இலவசக் கதவு வழியாக அன்று புதிதாக வந்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அதே விளையாட்டு இன்னொரு தவறையும் செய்தது. முதல் ஓவர்வோச்சை விலை கொடுத்து வாங்கியவர்களுக்குப் புதிய வீரர்கள், அதாவது நாம் தேர்ந்தெடுத்து விளையாடும் பாத்திரங்கள், அனைவரும் கேளாமலே கிடைத்து வந்தார்கள். இரண்டாவதில், புதிய வீரர் உடனே வேண்டுமானால், படிப்படியாகப் பரிசுகள் தரும் போர்ச்சீட்டை (battle pass) வாங்க வேண்டும். அல்லது பல வாரம் விளையாடி அச்சீட்டின் 55ஆம் படியை எட்ட வேண்டும். ஒரு காலத்தில் கையில் இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலைக்கு விற்பதை எந்த விளையாட்டாளரும் மறப்பதில்லை. 2024 ஏப்ரலில் அந்த முறையைக் கைவிட்டு, புதிய வீரர்களை எல்லோருக்கும் உடனே திறந்துவிட்டார்கள். ‘கவுண்டர் ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ்’ விளையாட்டிலோ எதிர்த்திசையில் நடந்தது. அங்கே 21ஆம் நிலை வரை உழைத்து எட்டினால் கிடைத்துவந்த, நம்பகமான கணக்குகளோடு சேர்ந்து விளையாட விடும் பிரைம் தகுதி, 2021 ஜூன் முதல் 14.99 டொலருக்கு மட்டுமே கிடைக்கும் என்றாயிற்று. காசு கட்டாத புதியவருக்குத் தரவரிசையே இல்லாமல் போயிற்று. உழைப்பால் திறந்த வழியை அடைத்த அந்த முடிவை, ஏமாற்றுக்காரரைத் தடுக்கும் நோக்கம் இருந்தபோதிலும், என்னால் ஆதரிக்க முடியவில்லை.

“ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டிப் பார்க்கலாமா?”
– வாசகி, பம்பலப்பிட்டி

கட்டுவதற்கு முன், கட்டியபின் எந்த நிலைக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கட்டாயம் படியுங்கள். ஓல்ட் ரிபப்ளிக்கில் சந்தா முடிந்ததும் பிரிஃபர்ட் நிலையில் இருப்பீர்கள். அது வெறும் இலவச நிலையைவிட மேலானது. ‘பைனல் பான்டசி 14’ விளையாட்டிலோ நேர்மாறு. அதன் இலவசப் பதிப்பு கால வரம்பின்றி 70ஆம் நிலை வரை செல்ல விடுகிறது. விளையாட்டுப் பணமான கில்லை 3,00,000க்கு மேல் சேர்க்க முடியாது, விளையாட்டாளர்கள் பொருள் விற்று வாங்கும் சந்தைப் பலகையைப் பயன்படுத்த முடியாது, விளையாட்டாளர் கழகங்களில் சேர முடியாது என்பவை அதன் குறைகள். ஆனால் அந்தக் கணக்கை ஒரு முறை முழுப் பதிப்பாக மாற்றிவிட்டால் மறுபடி இலவசப் பதிப்புக்குத் திரும்ப இயலாது. சந்தாவை நிறுத்தினால் உங்கள் பாத்திரத்தைத் தொடவே முடியாது.

நம் நாட்டவர் டொலர் விலையை இன்றைய ரூபாயில் மட்டும் கணக்கிடுவது போதாது. 2022 ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. 3,000 ரூபாய்ச் சந்தா ஐயாயிரத்தைத் தாண்டிற்று. விளையாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே பலர் அன்று இலவச நிலைக்கு இறங்க நேர்ந்தது. ஆகவே இலவச நிலையிலேயே கதை முடியும் வரை விளையாடுங்கள். அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட வசதி இல்லாமல் தொடர முடியாது என்று தோன்றினால், அந்த வசதி தனியாக விற்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். தனியாகக் கிடைக்காவிட்டால் ஒரு மாதச் சந்தா கட்டி, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.